"கறுப்பு", "குண்டு" என்று கிண்டல் செய்யும் பிள்ளைகளுக்குப் படக்கதைப் புத்தகத்தை எப்படிப் படித்துக் காட்டுவது?

கேள்வி: எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் ஒருவரையொருவர் "கறுப்பு", "குண்டு", "சோடாபுட்டி" என்று கூப்பிடுகிறார்கள். ஆளுக்கு ஆள் வேறுபட்டிருப்பதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளப் படக்கதைப் புத்தகங்கள் மூலம் பழக்க முடியுமா? எந்த மாதிரிப் புத்தகம் வாங்குவது, எப்படிப் படிப்பது?

பதில்:

முடியும். ஆனால் புத்தகத்தை வாங்கிக் கையில் கொடுத்தால் மட்டும் நடக்காது. எந்தப் பக்கத்தில் நிறுத்துகிறீர்கள், என்ன கேட்கிறீர்கள், எதைச் சொல்லாமல் விடுகிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதலில் "எல்லாரும் ஒண்ணுதான்" என்று சொல்வதை விட்டுவிடுங்கள். நாலு வயதுப் பிள்ளைக்குக் கண் நன்றாகத் தெரியும். பக்கத்தில் இருப்பவள் தன்னைவிடக் கறுப்பு, காதில் ஏதோ மிஷின் மாட்டியிருக்கிறாள் என்பதை அது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நாம் "ஒண்ணுதான்" என்று மழுப்பினால், இது பேசக்கூடாத விஷயம் போலிருக்கிறது என்றுதான் அதற்குப் புரியும். "ஆமா, அவ தோல் உன்னைவிட கறுப்புதான்" என்று ஒப்புக்கொண்டு மேலே பேசுங்கள்.

இதைவிடக் கவனமாக விட வேண்டிய ஒரு சொல் "இருந்தாலும்". "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." "கண்ணு தெரியாட்டியும் எவ்வளவு அழகா பாடுறான் பாரு." நாம் பாராட்டுவதாக நினைக்கிறோம். பிள்ளை கேட்பதோ, கறுப்பு ஒரு குறை, பார்வையின்மை ஒரு குறை, அதை ஈடுகட்ட வேறொன்று வேண்டும் என்பது. "நல்ல கலர்" என்றாலே சிவப்பு என்று பொருள்படும் மொழி நம்முடையது. படித்துக் காட்டுகிறவர் இதை உணர்ந்திருக்காவிட்டால் எவ்வளவு நல்ல புத்தகமும் அவர் வாயில் கெட்டுப்போகும்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு எளிய சோதனை: வினைச்சொற்களைப் பாருங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுமி கதையில் என்னென்ன செய்கிறாள்? மாங்காய் திருடத் திட்டம் போடுகிறாளா, தம்பியோடு சண்டை போடுகிறாளா, கோபித்துக்கொள்கிறாளா? அல்லது அவளைத் தள்ளுகிறார்கள், அவளுக்கு உதவுகிறார்கள், அவளைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள் என்று எல்லாமே அவளுக்கு நடப்பவையாக மட்டும் இருக்கின்றனவா? இரண்டாவது வகையை வாங்காதீர்கள். அடுத்து முடிவைப் பாருங்கள். எல்லாரும் ஒதுக்கிய பிள்ளை, கடைசியில் ஊரையே காப்பாற்றியதும் சேர்த்துக்கொள்ளப்படுகிறது என்ற கதை மிக அதிகம். "உபயோகப்பட்டால்தான் சேர்த்துக்கொள்வோம்" என்பதே அதில் ஒளிந்திருக்கும் பாடம். ஒன்றும் சாதிக்காத பிள்ளைக்கும் விளையாட்டில் இடம் உண்டு என்று காட்டும் கதைதான் நமக்கு வேண்டும்.

மிருகக் கதைகளை மட்டும் நம்ப வேண்டாம். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதையை மனிதப் பாத்திரங்களோடும், மனிதரைப்போல் உடுத்திய மிருகங்களோடும் படித்துக் காட்டினார்கள். மனிதக் கதையைக் கேட்டவர்கள்தான் தங்கள் ஸ்டிக்கர்களைக் கூடுதலாகப் பகிர்ந்தார்கள். வரிக்குதிரையின் சோகம் பக்கத்து பெஞ்சுப் பையனைப் பற்றியது என்று சிறு பிள்ளைக்குத் தானாகத் தோன்றிவிடாது.

அமெரிக்க ஆய்வாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990-ல் சொன்ன உவமை அலமாரிக்கு உதவும்: புத்தகம் சில பிள்ளைகளுக்குத் தன்னையே காட்டும் கண்ணாடி, சிலருக்கு அடுத்தவர் உலகைக் காட்டும் ஜன்னல். பத்துப் புத்தகம் வைத்தால் இரண்டில் மட்டும் வேறுபாடு கதைப்பொருளாக இருக்கட்டும். மற்றவற்றில் கண்ணாடி போட்ட பிள்ளை, நொட்டாங்கைப் பழக்கமுள்ள பிள்ளை, பாட்டி மட்டுமே வளர்க்கும் பிள்ளை எல்லாம் கதையோடு சாதாரணமாக வந்துபோக வேண்டும். சென்னையின் தூலிகா பதிப்பகத்தில் இப்படித் தேடலாம். பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுக்கலாம்.

இனி படிப்பது. ஒரே புத்தகத்தை ஒரு வாரத்தில் மூன்று முறை படியுங்கள். முதல் முறை நிறுத்தாமல், கேள்வி கேட்காமல், கதையாக மட்டும். இரண்டாம் முறை படங்களுக்காக. இரண்டு மூன்று பக்கங்களில் நின்றால் போதும். மூன்றாம் முறை பிள்ளைகள் சொல்ல, நீங்கள் பக்கம் திருப்புங்கள். ஒரு தடவைக்கு ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் போதும். முப்பது பேருக்கு ஒரு சின்னப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினால் பின்வரிசைக்குப் படம் தெரியாது. படம் தெரியாவிட்டால் இந்த வேலையே இல்லை. புத்தகத்தின் கீழ்நடுவைப் பிடித்து, பிள்ளைகளின் கண்மட்டத்தில் வையுங்கள்.

"இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று கேட்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டு ஓடிவிடும். "இவன் முகத்தைப் பாரு, இப்ப என்ன நினைக்கிறான்?", "நீ அங்க இருந்தா எங்க உட்காருவ?" என்று கேளுங்கள். கேட்டபின் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். படித்துக் காட்டுகிற பெரியவர்களில் பெரும்பாலோர் பிள்ளைக்கு நேரம் கொடுக்காமல் தாமே பதில் சொல்லிவிடுகிறார்கள்.

சங்கடமான கேள்வி வரும், வரத்தான் வேண்டும். "இவளுக்கு ஏன் தோல்ல வெள்ளை வெள்ளையா இருக்கு?" என்றால் இரண்டே வாக்கியம்: "அதுக்குப் பேரு வெண்புள்ளி. அந்த இடத்துல தோலுக்கு நிறம் குடுக்கிற பொருள் இல்ல; தொட்டா ஒட்டாது." "வெண்குஷ்டம்" என்ற சொல் வேண்டாம், தொழுநோய்க்கும் அதற்கும் தொடர்பே இல்லை. "உஸ், அப்படிக் கேட்கக் கூடாது" என்று அடக்குவதுதான் மிகப் பெரிய தவறு.

அதே அளவு கெடுதல், "இவன் நம்ம கிளாஸ் பையன் மாதிரியே இல்ல?" என்று ஒரு பிள்ளையைச் சுட்டிக்காட்டுவது. அந்த நொடியில் அந்தப் பிள்ளை காட்சிப்பொருள் ஆகிவிடுகிறது. கிண்டல் நடந்த அன்றே அதைப் பற்றிய புத்தகத்தை எடுப்பதும் வேண்டாம். அது தண்டனை போலாகிவிடும். கிண்டலை அப்போதே நேராகக் கண்டித்து நிறுத்துங்கள், புத்தகத்துக்கு ஒரு வாரம் போகட்டும்.

படித்த பிறகு செய்ய ஒரு வேலை சொல்கிறேன். கிரையான் பெட்டியில் வெளிர் ஆரஞ்சைத்தான் நம் பிள்ளைகள் "ஸ்கின் கலர்" என்கிறார்கள். கிரையோலா நிறுவனம் அந்த நிறத்துக்கு வைத்திருந்த "சதை" என்ற பெயரை 1962-லேயே "பீச்" என்று மாற்றிவிட்டது. நம் வகுப்பறைகளில் அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை. போஸ்டர் கலரில் பழுப்பு இரண்டு பங்கு, மஞ்சள் காவி ஒரு பங்கு கலந்து, ஆளுக்கொரு மூடியில் கொடுங்கள். வெளிர வேண்டுமானால் வெள்ளை சேர்க்கலாம். கறுக்க வேண்டுமானால் கறுப்புச் சாயம் வேண்டாம், சாம்பல் பூத்துச் செத்துப்போகும். அடர் நீலம் ஒரு துளி விடுங்கள். பச்சை தட்டினால் சிறிது சிவப்பு. அட்டையில் பூசி, காய்ந்தபின் கையோடு வைத்து ஒப்பிடட்டும். ஈரத்தில் பார்த்தால் நிறம் ஏமாற்றும். பிறகு தன் நிறத்துக்குத் தானே பெயர் வைக்கட்டும்: கருப்பட்டி, செம்மண், கடலைத்தோல், புளியங்கொட்டை.

கடைசியாக, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய புத்தகங்கள். ராட்சசன் எப்போதும் கறுப்பு, தேவதை எப்போதும் வெள்ளை. தூக்கிப் போட வேண்டாம். "ராட்சசனை ஏன் எப்பவும் கறுப்பாவே வரையிறாங்க?" என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தைக் கோட்டுப்படமாக வெள்ளைத் தாளில் வரைந்து கொடுத்து, தாங்கள் கலந்த நிறங்களையே தேவதைக்குத் தீட்டச் சொல்லுங்கள்.