சித்தி கையில புள்ளைய குடுக்க இத்தனை வாய்தாவா?

திண்டுக்கல்லேர்ந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க, அக்கா இறந்துட்டாங்க, அக்கா பையனுக்கு ஏழு வயசு, சென்னையில ஒரு ஹோம்ல இருக்கான், நானே வளர்க்கறேன்னு குழந்தைகள் நலக் குழு (ஆதரவு தேவைப்படற புள்ளைங்க யார்கிட்ட வளரணும்னு முடிவு பண்றவங்க) முன்னாடி மூணு தடவ போயாச்சு, ஒவ்வொரு தடவையும் 'ரிப்போர்ட் வரல, அடுத்த மாசம் வாங்க'ன்றாங்க, கோர்ட்ல கேஸ் போடலாமான்னு.

கேஸ் எல்லாம் அப்புறம்ங்க, முதல்ல அந்த ரிப்போர்ட் எங்க நிக்குதுன்னு பாருங்க. 2015 சிறார் நீதிச் சட்டப்படி குழுவுக்கு மாஜிஸ்திரேட் அதிகாரமே இருக்கு, ஆனா உங்க வீட்ட நேர்ல பாத்து எழுதற சமூக விசாரணை அறிக்கை கைக்கு வராம உத்தரவு போட மாட்டாங்க. அறிக்கைக்கு 15 நாள், முடிவுக்கு 4 மாசம்னு சட்டத்துல கெடு இருக்கு. ஆனா சென்னை குழு லெட்டர் போட்டு, அது திண்டுக்கல் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு, அதாவது இந்த வேலைய மாவட்டத்துல பாக்கற அரசு ஆபீசுக்கு வந்து, அங்கேர்ந்து ஆள் கிளம்பணும், அந்த வேலைக்கு இருக்கறதே கொஞ்சம் பேரு, அதுலயும் நிறைய பேர் ஒப்பந்தத்துல, காலைல கொடைக்கானல் ஏறி ஒரு வீடு பாத்துட்டு இறங்கினா அன்னிக்கு பொழுது போச்சு. ஆள் போடாம கெடு மட்டும் வச்சா இப்படித்தான்.

அதனால சென்னையில லெட்டர் நம்பரும் தேதியும் கேட்டு வாங்கிட்டு, நேரா உங்க ஊர் அலகுக்கு போங்க. ஆதார், ரேஷன் கார்டு, அக்காவோட இறப்புச் சான்று, மனு ஒண்ணு, ஒப்புகை சீல் மறக்காம. வீடு பாக்க வரும்போது உங்க வீட்டுக்காரரும் இருக்கட்டும், பையன் எங்க படுப்பான், எந்த ஸ்கூல்னு கேப்பாங்க, அக்கம்பக்கத்துலயும் விசாரிப்பாங்க, அதுக்காக வெள்ளையடிக்க எல்லாம் வேணாம்.

கடைசி உத்தரவுக்கு 3 உறுப்பினராவது உக்காரணும், சீட் காலியா இருந்தா அதுவும் ஒரு வாய்தா, அதனால போன்ல கேட்டுட்டு பஸ் ஏறுங்க.

அப்பவும் நகரலன்னா குழு மேல சென்னை கலெக்டர்கிட்ட புகார் குடுக்கலாம், குறை கேக்க வேண்டியவர் அவர்தான், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துலயே குடுங்க. குழந்தைகள் நீதிமன்றத்துல அப்பீல்ங்கறது உத்தரவு வந்தப்புறம் 30 நாளுக்குள்ள, உங்களுக்குத்தான் உத்தரவே வரலியே. வக்கீல் வேணும்னா சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவசம்.

ஒண்ணு நீங்க எழுதல, பையனோட அப்பா எங்க? இருக்கார்னா அவர் சம்மதத்த எழுத்துல வாங்கி மனுவோட வச்சிடுங்க, இல்லன்னா அவரத் தேடறதுலயே இன்னும் ரெண்டு வாய்தா போயிடும்.