போகிமான் என்னும் ஜப்பானிய வீடியோ விளையாட்டில் வண்டு வகைத் துணை உயிரினங்கள் எவை, அவை எவ்வாறு வேறுபடுகின்றன?

1996-இல் ஜப்பானில் வெளிவந்த முதல் விளையாட்டிலேயே, தலையில் இரு பெரிய கிடுக்கிகளோடு பின்சிர் இடம்பெற்றது. அதற்கு இணையாக 1999-இல், காண்டாமிருக வண்டின் ஒற்றைக் கொம்பைச் சுமந்து ஹெராகிராஸ் வந்தது. போகிமான் உலகைப் படைத்த சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சிகளைத் தேடிச் சேகரித்தவர் என்பதால், நுணுக்கங்களில் உயிர் இருக்கிறது: ஹெராகிராஸ் மரச்சாற்றை விரும்பி உண்ணும், சிறுவர்கள் மரத்தை உலுக்கி வண்டு பிடிப்பதைப் போலவே, 1999-இன் விளையாட்டில் நம் துணை உயிரினத்தைக் கொண்டு மரத்தைத் தலையால் முட்டச் செய்துதான் அதை வெளியே வரவழைக்க வேண்டும்.

பொறிவண்டை ஒத்த லெடிபாவும் உண்டு. ஆயினும் என் மனத்துக்கு நெருக்கமானது 2016-இல் அறிமுகமான விகவோல்ட்தான். புழு, கூட்டுப்புழு, வண்டு என்னும் இயற்கையான வளர்நிலைகளை ஒட்டியே அது உருமாறுகிறது, அதன் நடுநிலையோ மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும் பேட்டரிப் பெட்டியைப் போலவே காட்சியளிக்கிறது.