ஜெர்மன் படிக்க ஒன்றரை லட்சம் கட்டலாமா?

ஐயா, வணக்கம். மகள் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு, படித்து முடித்ததும் ஜெர்மனி போக ஆசைப்படுகிறாள். மூன்றே மாதத்தில் ஜெர்மன் மொழியில் பி2 நிலையை முடித்துத் தருகிறோம், ஒன்றரை லட்சம் கட்டுங்கள் என்கிறது ஒரு பயிற்சி மையம். இணையத்தில் இலவசமாகவே சொல்லித் தருகிறார்களாமே, அது போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நகையை அடகு வைப்பதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே நல்லது.

முதலில் அந்த மூன்று மாதக் கணக்கைப் பார்ப்போம். மொழித் தேர்ச்சியை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள்; பி2 என்பது நான்காவது படி. பி2 நிலைக்கு 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்பது, ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கோத்தே நிறுவனமே சொல்லும் கணக்கு. அதாவது 450 முதல் 600 மணி நேரம். மூன்று மாதம் என்றால் ஞாயிறுகூட விடாமல் தினமும் ஐந்து முதல் ஏழு மணி நேரம். வார்டு டூட்டி பார்க்கிற பெண்ணால் ஆகிற காரியமா? தினம் ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டால் ஒன்றேகால் வருடத்திலிருந்து ஒன்றேமுக்கால் வருடம். கல்லூரியை முடிக்க அவளுக்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம் இருக்கிறது.

அந்த ஒரு மணி நேரத்துக்கு இலவசப் பாடங்கள் தாராளமாகப் போதும். ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல ஒலிபரப்பு நிறுவனம் 'நிக்கோஸ் வேக்' என்று ஒரு பாடத்தொடர் வைத்திருக்கிறது. ஸ்பெயினிலிருந்து வந்து இறங்கும் நிக்கோ என்ற பையன் விமான நிலையத்திலேயே பையைத் தொலைத்துவிட்டு முழிப்பதில் கதை ஆரம்பிக்கும். ஏ1 முதல் பி1 வரை போகும். சீரியல் மாதிரி பார்க்கலாம், ஆனால் எழுதுவதைத் திருத்த ஆள் கிடையாது. அதற்கு அந்த நாட்டு முதியோர் கல்வி மையங்களின் வி.எச்.எஸ். லேர்ன்போர்ட்டல் இருக்கிறது. நாம் எழுதி அனுப்புவதை ஆசிரியர்கள் பார்த்துத் திருத்தித் தருவார்கள், அதுவும் இலவசம். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியரின் ஜெர்மன் பாடம் என்பிடெல் என்ற நம் நாட்டு இணையப் பாடத் தளத்திலும் உண்டு. படிக்கக் காசில்லை, தேர்வு எழுதத்தான் கட்டணம்.

அந்த என்பிடெல் சான்றிதழைத்தான் விசாவுக்குக் காட்டலாம் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முடியாது. கோத்தே, டெல்க், ஓ.எஸ்.டி. போன்ற அமைப்புகளின் தேர்வுச் சான்றிதழ்தான் அங்கே செல்லும். பயிற்சி மையம் அச்சடித்துத் தருகிற சான்றிதழுக்கும் அதே கதிதான்.

போன வருடம் ஒரு மாணவி வந்தாள். இணையப் பாடம் எல்லாவற்றிலும் பச்சை டிக். ஒரு தாளில் 54 என்று எழுதி, ஜெர்மனில் வாசிக்கச் சொன்னேன். 'ஃபுன்ஃப்-உண்ட்-ஃபியர்ட்ஸிக்' என்றாள். அது 45. அவர்கள் ஒன்றாம் இடத்தை முதலில் சொல்வார்கள், 'ஐந்தும் நாற்பதும்' என்பது போல. திரையில் பார்த்துத் தொடும்போது இந்தத் தப்பு தெரியவே தெரியாது. வார்டில் யாராவது போனில் மருந்தின் அளவைச் சொல்லும்போது தெரியும். பாவம், அந்தப் பெண் அதுவரை ஒரு மனிதரிடம்கூட வாய்விட்டு ஜெர்மன் பேசியதில்லை.

அதனால் பணம் செலவழிக்க வேண்டியது பேச்சுக்குத்தான். ஏ2 முடிகிற வரை வீட்டிலேயே படிக்கட்டும். அப்புறம் நாலைந்து பேர் கொண்ட சின்ன வகுப்பில், பேச்சுப் பயிற்சிக்கு மட்டும் மாதாமாதம் கட்டுங்கள். மொத்தமாக வேண்டாம்.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஜெர்மனை ஆங்கிலம் வழியாகவே யோசிக்க வேண்டியதில்லை. 'வைல்' என்று காரணம் சொல்ல ஆரம்பித்தால் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும்: 'வைல் இஷ் ஃபீபர் ஹாபெ', எனக்குக் காய்ச்சல் இருப்பதால். ஆங்கிலப் பழக்கத்தில் வினையை நடுவில் வைத்துத் திணறுகிறவர்களைப் பார்க்கிறேன். வினையைக் கடைசியில் வைப்பது நமக்குப் புதிதா என்ன? 'டேர் ஆர்ட்ஸ்ட்' (மருத்துவர்) 'டேன் ஆர்ட்ஸ்ட்' (மருத்துவரை) ஆவதும் நம் இரண்டாம் வேற்றுமைதான்.

தேர்வு விஷயம். ஏ1, ஏ2 தேர்வுகளுக்குப் பணம் கட்ட வேண்டாம், நர்ஸ் வேலைக்குப் பெரும்பாலும் அதற்கு மேற்பட்ட நிலையைத்தான் கேட்பார்கள். நேராக பி1 எழுதலாம். நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவன் என்று நாம் சொல்கிற கோத்தே நிறுவனத்திலேயே நடக்கும். வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். நர்ஸாகப் பதிவு பெற பெரும்பாலும் பி2 கேட்பார்கள். அதைப் படிப்பு முடிகிற நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அந்த மையத்தில்தான் சேர்ப்பது என்று முடிவெடுத்தால், சரி. ஆனால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 'சேஃப்டிக்கு' என்று பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்டால், நகல் மட்டும் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள்.