பாட்டுப்பெட்டி: வாசகர் கேள்வி

கேள்வி: சோல், ஜாஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகைகள்) என்றாலே பழைய ஆட்களைத்தான் சொல்கிறார்கள். புதிதாக எதைக் கேட்கலாம்? ஃபங்க்கும் கேட்கலாமா?
– வாசகி, உவர்மலை

பதில்: தங்கச்சி, முதலில் ஜாஸ் பாடகி சமாரா ஜாயின் ‘லிங்கர் அவைல்’ ஆல்பம் (2022). நியூயோர்க் பிராங்ஸ் பிள்ளை. தாத்தாவும் பாட்டியும் பிலடெல்பியாவில் கோஸ்பல் (கிறிஸ்தவ பக்திப் பாட்டு) குழு நடத்தியவர்கள். 2023இல் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி இவருக்குத்தான். டச்சுக்குடாவில் ஒரு காதில் இயர்போன், மறு காதில் அலையோடு கேட்டேன். கீழ்ச்சுரத்துக்கு அவர் இறங்கும்போது கையிலிருந்த கடலைச் சுருளை மறந்துபோனேன். காகம் கொத்திக்கொண்டு போனது.

அப்புறம் லண்டன் எஸ்ரா கலெக்டிவ். பிரிட்டனில் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்குரி பரிசை வென்ற முதல் ஜாஸ் குழு, அதுவும் 2023இல். ஆஃப்ரோபீட் என்கிற மேற்கு ஆப்பிரிக்கத் தாளம். வீட்டில் போட்டால் அம்மா தேங்காய் துருவும் வேகமே கூடிவிடும்.

ஃபங்க் (தாளம் தூக்கலான ஆட்ட இசை)? சரி, கேளுங்கள், ஆனால் போன் ஸ்பீக்கரில் வேண்டாம். பாஸ் கிற்றார் கேட்காவிட்டால் பாதிப் பாட்டுப் போச்சு.