கடல் ஃப்ளைக்கு எந்த முள், எந்த இழை?

கேள்வி: நன்னீர் மீன்களுக்கு ஃப்ளை (தூண்டில் முள்ளில் இறகும் ரோமமும் கட்டிச் செய்யும் செயற்கை இரை) கட்டிப் பழகியவன் நான். இப்போது பாரைக்கும் சீலாவுக்கும் கட்டுகிறேன். முட்கள் விரைவில் துருப்பிடிக்கின்றன. வால் இறகு முள்ளைச் சுற்றிக்கொள்கிறது. சீலா கடித்தால் கட்டே பிரிந்துவிடுகிறது. எந்தெந்தப் பொருளை மாற்ற வேண்டும்?

பதில்: பணத்தை முதலில் முள்ளில் போடுங்கள். நன்னீர் முட்கள் பெரும்பாலும் மெல்லிய பூச்சு கொண்ட கார்பன் எஃகு. உப்பு நீரை அந்தப் பூச்சு தாங்காது. கடலுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முள் அல்லது வெள்ளீயமோ நிக்கலோ பூசிய கார்பன் எஃகு முள் வேண்டும். ஸ்டெயின்லெஸ் நெடுநாள் உழைக்கும். ஆனால் முனை எளிதில் மழுங்கும், அடிக்கடி அரம் போட வேண்டியிருக்கும். பூச்சு முள் அதிகக் கூர்மையானது. பூச்சு உரிந்த இடத்தில்தான் துரு ஏறும். சீலாவின் தாடை கடினமானது, அதில் மழுங்கிய முனை இறங்காது. அதனால் உங்களுக்கு நான் பரிந்துரைப்பது பூச்சு முள்தான். முள்ளின் கம்பி மட்டும் தடிமனாக இருக்கட்டும். பெரிய பாரை மெல்லிய முள்ளை நிமிர்த்திவிடும்.

வால் சுற்றிக்கொள்வதற்குக் காரணம், மென்மையான நீண்ட இறகை முள்ளின் நேரான பகுதியான தண்டின் முன்பக்கத்தில் கட்டுவது. அமெரிக்க ஃப்ளை மீன்பிடிப்பாளர் லெஃப்டி க்ரே 1950களின் பிற்பகுதியில் உருவாக்கிய டிசீவர் ஃப்ளையைப் பாருங்கள். இறகுகள் வளைவுக்குச் சற்று முன்னால், தண்டின் கடைசியில் கட்டப்படுகின்றன. தலைப்பக்கம் மான்வால் ரோமம் சுற்றிலும் படர்ந்து அவற்றைத் தாங்குகிறது. இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

மான்வாலை வாங்கும்போது கவனம் தேவை. வாலின் அடிப்பக்க ரோமம் உட்புழையானது; நூலை இறுக்கினால் விரிந்து பருக்கும். நுனிப்பக்க ரோமம் விரியாமல் ஒட்டிப் படியும். பருத்த உடல் கொண்ட மடவை போன்ற ஃப்ளைக்கு அடிப்பக்கம், ஒல்லியான நெத்திலி வடிவத்துக்கு நுனிப்பக்கம். ஒரே வாலிலேயே இரண்டும் கிடைக்கும் என்பதால், தொடங்குபவருக்கு இதைவிடப் பயனுள்ள பொருளை நான் காணவில்லை.

செயற்கை இழைகள் நீரை அதிகம் உறிஞ்சுவதில்லை. பெரிய ஃப்ளையையும் களைப்பின்றி வீச முடிகிறது. ஆனால் எல்லா இழையும் ஒன்றல்ல. கடல் நீரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.025 கிராம். பாலிப்ரோப்பிலீன் சுமார் 0.9, அதனால் மிதக்கும். நைலான் சுமார் 1.14, அதனால் மூழ்கும். உறைமேல் இழையின் பெயர் தெளிவாக இல்லாவிட்டால், ஒரு சிட்டிகை எடுத்து உப்பு நீரில் நனைத்து அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். நீரில் எப்படி அசைகிறது, மூழ்குகிறதா என்பதை அங்கேயே பார்த்துவிடலாம். உலர்ந்த நிலையில் அழகாகத் தெரிவதை நம்பி வாங்காதீர்கள். மினுக்கு இழை நான்கைந்து போதும்.

ஆழத்துக்கு இறங்க, டம்பெல் வடிவ ஈயக் கண்களைத் தண்டின் மேற்பக்கம் கட்டுங்கள். அமெரிக்க ஃப்ளை கட்டுநர் பாப் க்ளவுசரின் புகழ்பெற்ற மின்னோ (சிறுமீன்) ஃப்ளையில் இருப்பது இதுதான். எடை ஃப்ளையைத் தலைகீழாகப் புரட்டுவதால் முனை மேல்நோக்கி வரும், தரையில் மாட்டுவது குறையும். ஆழமற்ற இடத்தில் மிரளும் மீனுக்கு எடை குறைந்த மணிச்சங்கிலிக் கண்களே போதும்.

கட்டு பிரிவதற்கு நூலும் ஒரு காரணம். 140 அல்லது 210 டெனியர் (நூலின் தடிமனைக் குறிக்கும் அளவு) நூல் எடுங்கள். ஜெல் ஸ்பன் பாலிஎத்திலீன் நூல் மிக வலிமையானது. ஆனால் வழுக்கும், சாதாரண வார்னிஷ் அதில் நன்றாகப் பற்றாது. தண்டில் முதல் சுற்றுக்கு மெழுகு தடவிய நூலைப் பயன்படுத்தி, முடிச்சில் ஒரு துளி சூப்பர் க்ளூ விடுங்கள். தலைமுழுதும் யூவி ரெசின் (புற ஊதா ஒளியில் இறுகும் பிசின்) பூசி யூவி விளக்கொளியில் இறுக விட்டால் பற்கள் நூலை எட்டுவது கடினம். ஆனால் சீலாவின் பல் நைலான் நரம்பை அறுப்பதை எந்த ரெசினும் தடுக்காது. ஃப்ளைக்கு முன்னால் குட்டையான எஃகுக் கம்பி அவசியம்.

மீன்பிடித்து வந்ததும் ஃப்ளைகளை நன்னீரில் அலசி, முழுதாக உலர்ந்தபின் பெட்டியில் வையுங்கள். ஈரமான ஒன்றே ஒன்று, மூடிய பெட்டிக்குள் மற்ற முட்களிலும் துருவை ஏற்றிவிடும்.