திருச்சி – யாழ்ப்பாணம்: 183 கி.மீ.க்கு ஒரு மணி நேரமா?

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் 183 கி.மீ.தானே, விமானத்துக்கு ஏன் ஒரு மணி நேரம் என்று கேட்டிருந்தீர்கள். 183 கி.மீ. என்பது நேர்கோட்டுத் தூரம், அது சரிதான். இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72 என்ற சிறிய விமானம், மணிக்கு சுமார் 500 கி.மீ. வேகம். அப்படியே வகுத்தால் 22 நிமிடம்தான் வரும். ஆனால் டிக்கெட்டில் இருக்கும் ஒரு மணி நேரம், திருச்சியில் விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியில் நிற்கும் வரை. ஓடுபாதைக்குப் போவது, மேலேறுவது, சுற்றி வந்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். ஏறி முடித்ததுமே இறங்கத் தொடங்கிவிடும். முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரமே.

இறங்கி ஒரு மணி நேரத்தில் ரயிலைப் பிடிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். குடிவரவு, பெட்டி, சுங்கம் முடித்து, பலாலியிலிருந்து யாழ் ரயில் நிலையத்துக்கு 15 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். மூன்று மணி நேரமாவது விடுங்கள். இரு நாட்டு நேரமும் ஒன்றே. கடிகாரத்தை மாற்ற வேண்டாம்.