தெர்மல், அதாவது தரையிலிருந்து எழும் சூடான காற்று, எங்கே இருக்கிறது என்று எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டுபவர்களுக்கு எப்படித் தெரியும்? நல்ல வெயில் அடித்தால் போதாதா?

போதாது. போதும் என்று நினைத்துத்தான் நான் கேரளத்து இடுக்கி மலையிலுள்ள வாகமண்ணில், பாராகிளைடர் என்ற துணி இறக்கையோடு ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் போய் விழுந்தேன்.

ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வகுப்பில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. சேருங்கள். அதற்கு முன் ஒரு மாதம் பருந்தைப் பாருங்கள், அதுவும் தெர்மலில்தான் ஏறும், காசு கிடையாது. எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. எங்கள் ஊர்ப் பருந்து காலையில் பனைமரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறி, தரை காய்ந்த பிறகுதான் கிளம்பும்.

வெயில் காற்றை நேராகச் சூடாக்குவதில்லை. தரையைச் சூடாக்குகிறது; தரை தன்மேல் கிடக்கும் காற்றைச் சூடாக்குகிறது. தண்ணீர் நிற்கும் வயல் இதில் சோம்பேறி. பாறையும் உழுது காய்ந்த நிலமும் முந்திக்கொள்ளும். சூடான காற்றும் உடனே கிளம்பிவிடாது. உலை கொதிப்பதற்கு முன் பாருங்கள், குமிழி பானையின் அடியில் ஒட்டிக்கொண்டே பெருத்து, சட்டென்று கழன்று மேலே வரும். இதுவும் அப்படித்தான்: பாறை விளிம்பு, மரவரிசை, வயல் முடிந்து மேடு தொடங்கும் இடம் என்று எங்காவது தட்டிக் கழலும். ஏற ஏற 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி குளிரும். சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும்வரைதான் ஏறும். மேலே ஒரு சூடான அடுக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருந்தால், கீழே எவ்வளவு வெயில் கொளுத்தினாலும் அதில் முட்டி நின்றுவிடும்.

இப்போது என் கதை. பிப்ரவரி மாதம், மத்தியானம். குன்றில் மோதி எழும் காற்றிலேயே கொஞ்ச நேரம் போய்வந்து கொண்டிருந்தேன். எதிரே ஒரு கரும்பாறை. அதன்மேல் இரண்டு பருந்துகள் வட்டமடித்தன. அந்தப் பக்கம் போனேன். வேரியோ என்று ஒரு கருவி உண்டு, ஏறினால் பீப் பீப் என்று கத்தும். அது இரண்டு முறை கத்தியது. இருக்கையின் வலது பக்கம் யாரோ கீழேயிருந்து தள்ளியதுபோல் தூக்கியது. நான் இடது பக்கம் சாய்ந்தேன், அப்படியே இடது பக்கம் திரும்பியும் விட்டேன். அதுதான் தப்பு. எந்த இறக்கை தூக்குகிறதோ அந்தப் பக்கம்தான் தெர்மல். அது உங்களை வெளியே தள்ளப் பார்க்கும். நீங்கள் அடம்பிடித்து அதை நோக்கித் திரும்ப வேண்டும். ஏறும் காற்றின் ஓரத்தில் இறங்கும் காற்று இருக்கும் என்பது எனக்கு ஏட்டளவில் தெரியும். வேரியோ ஒப்பாரி வைக்கத் தொடங்கியபோதுதான் உடம்புக்குத் தெரிந்தது.

தேயிலைச் செடி மேலிருந்து பார்க்க மெத்தைபோல் இருக்கும். உள்ளே விறகு. கயிறெல்லாம் சிக்கி, முழங்கால் தேய்ந்து நின்றபோது கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா வந்தார். "தம்பி, அடி கிடி பட்டுச்சா?" என்றார். கயிற்றை எடுத்துக்கொண்டே, "பருந்து அந்தப் பாறைக்கு மேலதான் தினம் சுத்தும். நீங்க ஏன் இங்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

பாராகிளைடரும் கிளைடர் விமானமும் ஒன்றா என்று கேட்க ஒருவர் வருவார். ஒன்றில்லை ஐயா, தெரியும். நல்ல கிளைடர் விமானம் 1 கிலோமீட்டர் உயரத்தை வைத்து 40 கிலோமீட்டர் போகும். எங்கள் துணி 8, 10 போனால் அதிகம். ஆனால் இரண்டுக்கும் சோறு போடுவது அதே தெர்மல்தான்.

தெர்மல் வலுவாக இருந்தால் நல்லதுதானே என்றும் கேட்காதீர்கள். 2007இல் ஆஸ்திரேலியாவில் ஏவா விஸ்னியர்ஸ்கா என்ற பாராகிளைடர் வீராங்கனையை இடிமேகம் 9,900 மீட்டருக்கு மேல் உறிஞ்சிக்கொண்டு போனது. மயங்கி, உறைந்து, எப்படியோ பிழைத்தார். அதே மேகத்தில் சிக்கிய இன்னொருவர் பிழைக்கவில்லை. இடுக்கிப் பக்கம் கோடையில் மத்தியானத்துக்கு மேல் மேகம் கோபுரமாக எழும்பினால் தரையில் இருங்கள்.

அப்புறம், சம்பந்தமில்லாத ஒன்று. அன்று செடி உடைந்ததற்குக் காசு கேட்டு வந்த தோட்டத்து ஆள், நான் தமிழில் பேசியதும் "பாண்டியா?" என்றார்; தமிழர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பிறந்தது, ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் கேரளத்தில்தான் என்றேன். நம்பவில்லை. கோயம்புத்தூரில் வாடகைக்கு வீடு கேட்டால் "மலையாளத்துக்காரரா?" என்கிறார்கள். எங்கள் ஊர்க்காரன் எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்படித்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தெர்மல் ஏறிக் குளிர்ந்தால் அதன் உச்சியில் மேகம் கட்டும்; அது எவ்வளவு உயரத்தில் என்று தோராயமாகச் சொல்ல ஒரு கணக்கு உண்டு. தரையில் 32 டிகிரி, பனிபடு நிலை (காற்றிலுள்ள ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) 20 என்றால் வித்தியாசம் 12. அதை 125ஆல் பெருக்கினால் 1,500 மீட்டர். அடிப்பக்கம் தட்டையாக, ஓரம் கூர்மையாக இருக்கும் புது மேகத்துக்குக் கீழே தேடுங்கள். கலைந்துகொண்டிருக்கும் மேகத்துக்குக் கீழே போனால் இறங்கத்தான் வேண்டிவரும். மேகமே இல்லாவிட்டால் பருந்து, அதுவும் இல்லாவிட்டால் பாறை.

நான் மறுநாள் அந்தப் பாறைக்குப் போகத்தான் இருந்தேன். வானம் மூடிக்கொண்டது. முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.